வைத்தியமும் ரேஷன் அட்டையும்

நம் சங்கத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும்தான் வந்து நிற்கிறது. சாப்பாடு, பரம்பரை, கவலை என்று காரணம் சொல்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் நோய் வந்த பிறகு யாருக்கு என்ன வைத்தியம் கிடைக்கும் என்பதை உடம்பு தீர்மானிப்பதில்லை. பார்க்கும் வேலையும் கையிலுள்ள அட்டையும் இருக்கும் ஊரும்தான் தீர்மானிக்கின்றன.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் இன்ஜினீயராக இருந்தேன். ஓய்வு பெறும்போது ஒருமுறை பணம் கட்டியதில் எனக்கும் என் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. அதே ஒர்க்ஷாப்பில் வேலை செய்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தக் கதவு திறக்காது. இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லேயே வந்ததே என்பீர்கள். கான்ட்ராக்டர் பெயரைப் பதிவு செய்திருந்தால்தானே! தாராவியில் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்கும் நம் சகோதரருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் அதுவும் இல்லை.

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி செய்தது. ஆனால் பயனாளிகளை முதலில் 2011-ம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். அப்போது ஊருக்கும் மும்பைக்குமாக அலைந்த குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கும்? தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்த மாநில ரேஷன் அட்டையில் பெயர் வேண்டும். மகாராஷ்டிரத் திட்டம் வெகுகாலம் முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு அட்டைக்காரர்களுக்கே இருந்தது. எல்லாருக்கும் விரிவாக்க 2023-ல்தான் முடிவு செய்தார்கள். அதற்கும் இம்மாநில ரேஷன் அட்டையோ இருப்பிடச் சான்றோ காட்ட வேண்டும். இருபது வருடம் இங்கே வாடகைக் குடிசையில் இருந்தும் கையில் காகிதம் இல்லாதவர், அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இன்னொரு விஷயம். இந்தக் காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தரும்; தினசரி மாத்திரைக்குத் தராது. ரயில்வேக்காரனுக்கு இது விநோதமாக இருக்கிறது. நன்றாக ஓடுகிற பெட்டியையே குறித்த காலத்தில் ஒர்க்ஷாப்புக்கு வரவழைத்து, சக்கரம், பிரேக் எல்லாம் பார்த்து அனுப்புகிறோம். தடம் புரண்ட பின் கிரேனுக்குப் பணம் உண்டு, பராமரிப்புக்குக் கிடையாது என்று எந்த அதிகாரியாவது சொல்வாரா? காசில்லாமல் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவருக்குப் பக்கவாதம் வந்த பின் 5 லட்சம் தருவதும் அப்படித்தான். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021-ல் தமிழ்நாடு தொடங்கியது. மனம் வைத்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பணம் எங்கே என்பார்கள். அரசின் சுகாதாரச் செலவு 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக வேண்டும் என்று 2017-ம் ஆண்டுக் கொள்கை சொன்னது. 2021-22-ல் அது 1.84 சதவீதம்தான். அந்த ஆண்டு நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2013-14-ல் இது 64.2 சதவீதமாக இருந்தது. குறைந்தது நல்லதே, ஆனால் கூலிக்காரருக்கு இதுவும் பெரும் பாரம்.

நம் சங்கம் என்ன செய்யலாம்? பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் கொஞ்சம் எடுத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மேஜை போடுவோம். மராத்தி எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் ரேஷன் அட்டை, இருப்பிடச் சான்று, காப்பீட்டு அட்டை மனுக்களை எழுதிக் கொடுக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், நம் வார்டு டிஸ்பென்சரி வேலை முடிந்து வருகிறவனுக்குத் திறந்திருக்குமா, அங்கே சர்க்கரை மாத்திரை இருக்குமா என்று கேட்போம். வேறு எதைக் கேட்பதற்கும் முன்னால் இதைக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.