காலண்டருக்கு ஓராண்டு, எண்ணுக்குத் தொண்ணூறு நாளா?

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தேசிய எண் திட்டத்தைத் திருத்தச் சொல்லும் பரிந்துரைகளை 2025 பிப்ரவரி 6 அன்று தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்பியது. மேலோட்டமாகப் பார்த்தால் அது லேண்ட்லைன் சங்கதி. ஆனால் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு வரும். சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும், நம் மேசைக்கு ஆர்டர்கள் வரத் தொடங்கும். ஒவ்வொரு காலண்டர் அட்டையின் அடியிலும் ஒரு கடைப் பெயரும் போன் நம்பரும் ஏறும். அச்சடிக்கிற, போர்டு எழுதுகிற, ஃப்ளெக்ஸ் போடுகிற நமக்கு இதில் ஒரு நிலைப்பாடு இருந்தே தீர வேண்டும்.

முதலில் லேண்ட்லைன். ஒரே ஊருக்குள் பேசினாலும் இனி பூஜ்யம், எஸ்டிடி கோடு, அதன்பின் எண் என்று முழுதாக அழுத்த வேண்டும் என்பது பரிந்துரை. செல்போனிலிருந்து கூப்பிடுகிறவர் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார். இதை வரவேற்கிறோம். மல்லாங்கிணற்றுக் கடைக்காரருக்கு விருதுநகர்ப் பக்கமும் ஆள் உண்டு, அருப்புக்கோட்டைப் பக்கமும் உண்டு. ஒன்றுக்கு 04562, மற்றதற்கு 04566. ஆறு இலக்கத்தை மட்டும் போட்டுவிட்டு, மிச்சம் அவர்களுக்கே தெரியும் என்று விட்ட காலம் முடிந்தது. போன வருட கோரல் ஃபைலைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்றி பிளேட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை இந்த சீசனோடு நிறுத்துங்கள்.

அடுத்தது, எந்த எண்ணை வாங்குவது என்று பார்ட்டி நம்மிடமே கேட்கும் கேள்வி. கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும், எட்டு வரக்கூடாது என்பார்கள். அது அவரவர் நம்பிக்கை, அதில் நாம் தலையிட வேண்டாம். ஃபேன்சி நம்பரை பிஎஸ்என்எல் ஏலத்திலேயே விடுகிறது. வசதி உள்ளவர் எடுக்கட்டும். நாம் பார்க்க வேண்டியது, கேட்டவர் மனதில் அது நிற்குமா என்பதைத்தான். ஒரு சமயத்தில் மனம் பிடித்துவைப்பது ஏழு, கூடினால் இரண்டு, குறைந்தால் இரண்டு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-லேயே எழுதினார். நம் எண்ணோ பத்து இலக்கம். அதனால் ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடுங்கள். பின் ஐந்தில் ஓர் இலக்கமாவது இரட்டித்து வந்தால் நல்லது. சிம் வாங்கும் முன் எண்ணை ஒருவரிடம் ஒரே தடவை சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் வேறு எண் கேளுங்கள்.

திருச்சுழி ரோட்டில் போர்வெல் விளம்பரம் எழுதிய சுவர்களைக் கவனியுங்கள். நான்கு எண் எழுதிய சுவரில் பஸ்ஸில் போகிறவர் ஒன்றைக்கூடப் படித்து முடிப்பதில்லை. ஒரே எண், பெரிதாக, வெள்ளையில் கருநீலம். அது போதும். அமெரிக்காவில் கீபேடு எழுத்துகளை வைத்துக் கடைப் பெயரையே எண்ணாக்குவார்கள். நம் ஊரில் அது எடுபடாது. கூப்பிடுகிறவருக்குக் காசு ஆகாத 1800 எண்ணும் சிறு கடைக்குத் தேவையில்லை, அன்லிமிடெட் ரீசார்ஜ் வந்தபின் யாரும் நிமிடக் கணக்குப் பார்ப்பதில்லை.

இத்தனையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் யாருடையது? பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் கேட்டுவரும் கேள்வி இது. டிராயின் புதிய பரிந்துரையும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

பயன்பாடு இல்லாத இணைப்பைத் தொண்ணூறு நாளுக்குள் துண்டிக்கக் கூடாது, 365 நாள் ஆனால் கட்டாயம் துண்டிக்க வேண்டும் என்கிறது அது. மேல்வரம்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். கீழ்வரம்பு பழைய தொண்ணூறுதான். எந்த நிறுவனமும் தொண்ணூற்றோராம் நாளே எண்ணை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை.

எங்கள் பகுதியின் தொழில் முறை தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். இது மானாவாரி பூமி. விதைக் கடைக்குப் புரட்டாசியும் ஐப்பசியும்தான் வியாபாரம். மிளகாய், மல்லி யாவாரிக்குத் தை பிறந்தபின். சீமைக்கருவேல் கரி யாவாரிக்கு அடைமழையில் மூட்டம் போட வழியில்லை. எனக்குத் தெரிந்த கரி யாவாரி ஒருவர் புரட்டாசியில் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தார். ஐப்பசியில் மழை பிடித்தது, மூட்டம் நின்றது. தொழிலுக்கென்று வைத்திருந்த இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, கொஞ்ச நாளில் உள்வரும் அழைப்பும் நின்றது. மார்கழியில் லாரி ஆபீஸ்களுக்கும் மண்டிகளுக்கும் காலண்டர் போய்ச் சேர்ந்தது. மாசியில் அவர் ரீசார்ஜ் செய்யப் போனபோது எண் அவர் பேரில் இல்லை. ஆடியில் வேறு மாவட்டத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் அதே எண்ணில், “கரி லோடு எப்ப வரும்?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

குறைந்தபட்சக் கெடுக்களைக் கூட்டிப் பாருங்கள். பயன்பாடு இல்லாத 90 நாள், திரும்பக் கேட்க 15 நாள், அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் 90 நாள். ஜனவரி முதல் தேதி முடங்கிய எண் ஜூலை நடுவில் இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கலாம். காலண்டரில் அப்போது கிட்டத்தட்டப் பாதித் தாள் மிச்சமிருக்கும்.

2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, எஸ்.வி.என். பட்டி அமர்வு முன் இந்தப் பிரச்சினை வந்தது. தொண்ணூறு நாள் இடைவெளி விடுகிறோம் என்றது டிராய். தன் வாட்ஸப் தகவலை அழித்துக்கொள்வது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தது அமர்வு. வாட்ஸப்பை அழிக்கலாம். சுவரில் எழுதியதை, காலண்டரில் அடித்ததை, துணிப்பையில் பதித்ததை யார் போய் அழிப்பது? கைமாறிய எண்களால் பணம் தவறிப் போகக் கூடாது என்று, வங்கிகளும் யுபிஐ செயலிகளும் வாரம் ஒருமுறை தங்கள் பட்டியலைச் சரிபார்க்கும் ஏற்பாடு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வங்கிக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியைக்கூடச் சிறுகடைக்குக் காட்ட அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

கடைப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்தால் சட்டம் பத்தாண்டு காக்கிறது, புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதே கடையின் எண்ணுக்கு அந்த மரியாதை இல்லை. செல்போனில் 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் நிறுவனம் மாறினாலும் எண்ணைக் கொண்டுபோகலாம். லேண்ட்லைனுக்கு இன்றுவரை அந்த உரிமை கிடையாது. எண்கள் பொதுச்சொத்து, வீணாகக் கூடாது என்கிறார்கள். சரி. அந்தப் பொதுச்சொத்தின் மேல் இருபது ஆண்டு உழைத்து நம்பிக்கையைச் சேர்த்துவைத்தவனுக்கு ஒரு வார்த்தை முன்னறிவிப்பாவது கொடுக்க வேண்டாமா? சீசன் தொழில் என்று ஒன்று இருப்பதே டெல்லியில் கெடு எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

நம் கோரிக்கை எளிது. ஜிஎஸ்டி அல்லது உத்யம் பதிவில் காட்டிய எண்ணை, பயன்பாடு நின்ற நாளிலிருந்து ஓராண்டுக்குத் துண்டிக்கக் கூடாது. துண்டித்தபின் இன்னோர் ஆண்டுக்கு வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஊர்தோறும் உள்ள வணிகர் சங்கங்களும் அச்சக உரிமையாளர் சங்கங்களும் இதைத் தீர்மானமாக்கித் தொலைத்தொடர்புத் துறைக்கு அனுப்ப வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். ப்ரூஃப் கொடுக்கும்போதே அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். யார் பேரில் இருக்கிறது, எதுவரை ரீசார்ஜ் இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜை 365 நாள் வரை தரலாம் என்று டிராய் 2024 டிசம்பரிலேயே விதி செய்துவிட்டது, அதைப் பார்ட்டியிடம் எடுத்துச் சொல்லுங்கள். ப்ரீபெய்டு இருப்பில் 20 ரூபாய் வைத்திருந்தாலும் துண்டிப்பு தள்ளிப்போகும். இவற்றை விசாரிக்காமல் எந்த எண்ணையும் பிளேட்டில் ஏற்றாதீர்கள்.