சுடலைமாடனுக்கு ஒரு டெத் மெட்டல் ஆல்பம்

மெட்டல்னா வெறும் இரைச்சல்னு யார் வேணும்னாலும் சொல்லட்டும், திருநெல்வேலிக்காரங்க மட்டும் சொல்லக் கூடாது. கொடை வந்துட்டா ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாய் ஸ்பீக்கர்ல மேளத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கி வளர்ந்தவங்க நாம. ஹாஸ்டல்ல நான் ஒரு ஸ்லேயர் பாட்டு போட்டா மட்டும் "லேய், காது வலிக்கு, நிறுத்துலே"ன்னு சத்தம் வருது.

கணியான் கூத்து பார்த்திருக்கீங்களா? ரெண்டு மகுடம் இருக்கும், உச்சம் ஒண்ணு, மந்தம் ஒண்ணு. ஒண்ணு மேல நின்னு வெடிக்கும், இன்னொண்ணு அடியில உறுமும். அண்ணாவி கதை பாடுவார். வேகம் ஏற ஏற சாமியாடிக்கு அருள் வரும். அப்போ அவர் தொண்டையில இருந்து வர்ற குரல் மனுஷக் குரல் மாதிரியே இருக்காது. கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற கைவெட்டுன்னு ஒரு சடங்கும் உண்டு. கதை இன்னும் பயங்கரம். கைலாசத்துல பிறந்த பிள்ளை சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்னுச்சுன்னுதான் சுடலையோட கதை தொடங்குது. 1988ல அமெரிக்காவுல நாலஞ்சு பசங்க ஒரு பேண்டுக்கு 'கேனிபல் கார்ப்ஸ்'னு பேர் வெச்சப்ப உலகமே பதறிச்சு. நம்ம ஆச்சிகளுக்கு அது புதுசே இல்ல, அந்த சாமிக்கு வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறவங்க அவங்க.

மெட்டல் பிறந்த கதையும் நம்ம ஒர்க்‌ஷாப் லேப்ல நடந்திருக்க வேண்டிய கதைதான். பர்மிங்காம்ல தகரம் வெட்டுற தொழிற்சாலையில வேலை பார்த்த டோனி அயோமிக்கு 17 வயசுல மெஷின்ல ரெண்டு விரல் நுனி போச்சு. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி மாதிரி விரலுக்கு மாட்டிக்கிட்டு, கம்பியைத் தளர்த்திக் கிட்டார் வாசிச்சார். சுருதி கீழ இறங்கிச்சு. 1970ல பிளாக் சபாத் வந்துச்சு, 1971ல 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' வந்துச்சு. அந்தக் கனமான சத்தத்துக்குப் பின்னால ஒரு தொழிலாளியோட கை இருக்கு. (ஈ.சி.இ. ஆளுங்களுக்கு மட்டும்: டிஸ்டார்ஷன்னா சிக்னலோட தலையையும் காலையும் வெட்டுறது. கிளிப்பிங். வெட்டினா புது ஹார்மானிக்ஸ் பிறக்கும். முழு கார்டு அடிச்சா எல்லாம் குழம்பிடும், அதனாலதான் மெட்டல்காரன் ச-ப மட்டும் சேர்த்து அடிக்கிறான். இதை இன்டர்னல்ல கேட்டிருந்தா எனக்கு முழு மார்க்.)

சரி, தமிழர்கள் மெட்டல் பண்ணலையான்னு கேட்டா, பண்ணியிருக்காங்க, அதுவும் ரொம்ப முன்னாடியே. சிங்கப்பூர்ல 1992ல தொடங்கின 'ருத்ரா'. பாடுறதும் பேஸ் வாசிக்கிறதும் கதிரேசன், டிரம்ஸ்ல சிவா. 1998ல முதல் ஆல்பம். அப்புறம் 2005, 2009, 2011ன்னு 'பிரம்மவித்யா' வரிசையில மூணு ஆல்பம். அதுல முதலாவது 'பிரைமோர்டியல் ஐ'தான் என் கணக்குல அவங்களோட உச்சம். டெத் மெட்டல் ரிஃப் ஓடிக்கிட்டிருக்கும்போதே மந்திரம் ஓதுற குரல் உள்ள வரும், ரெண்டும் ஒட்ட வெச்ச மாதிரி இருக்காது. 'வேதிக் மெட்டல்'னு ஒரு பேரே இவங்களால உலகத்துல பரவிச்சு. இசை ஆய்வாளர்கள் இவங்களைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்காங்க. நம்ம கேம்பஸ்ல பத்துப் பேருக்குக் கூட இந்தப் பேர் தெரியாது.

ஆனா எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ருத்ரா பாடுறது ஆங்கிலத்துல, நடுவுல சமஸ்கிருதம். விஷயம் வேதாந்தம். 2001ல வந்த ரெண்டாவது ஆல்பத்துக்குப் பேர் 'தி ஆர்யன் குருசேட்'. ஆர்யான்னா சமஸ்கிருதத்துல மேன்மையானவன்னு அர்த்தம், தெரியும். ஆனா தமிழ்நாட்டுல வளர்ந்த காதுல அந்தச் சொல் எப்படி விழும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பாட்டுகள் நல்லாவே இருக்கு, கேளுங்க. ஆத்மாவைப் பத்தி உறுமுறதுல தப்பும் இல்ல. தமிழ்ப் பிள்ளைங்க போட்ட அவ்வளவு பெரிய சத்தத்துல தமிழ் எங்கேன்னுதான் என் கேள்வி.

ராப்பைப் பாருங்க. மலேசியாவுல யோகி பியும் நட்சத்திராவும் 2006ல 'வல்லவன்' போட்டாங்க. அதுக்கப்புறம் தமிழ்ல ராப் பாட முடியுமான்னு ஒருத்தரும் கேட்கல. 2018ல சென்னையில 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வந்து கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து, சாதியைப் பத்தி நேராப் பாடினாங்க. 'வல்லவன்' மாதிரி ஊரே பேசுற ஒரு தமிழ் மெட்டல் ஆல்பம் இன்னும் வரல.

காரணம் நாமதான்னு நினைக்கேன். நாமன்னா இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க. இந்த ஊர்ல மெட்டல் வந்த வழியைப் பாருங்க: சென்னையில படிச்ச அண்ணன் கொண்டு வந்த பென் டிரைவ், கறுப்பு டி-ஷர்ட், ஐ.ஐ.டி. சாரங் மேடையில 2009ல ஓபெத் வாசிச்ச கதை, பெங்களூர்ல 2011ல மெட்டாலிக்கா வந்த கதை. எல்லாமே டிக்கெட் காசு உள்ளவன் கதை. ராப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துச்சு. மெட்டல் ஹெட்போனுக்குள்ளேயே உட்கார்ந்துக்கிட்டது. நாம அதை ஒரு தனி கிளப் மாதிரி ரசிச்சோம், மத்தவனுக்குப் புரியலைன்னா அதுல ஒரு பெருமை வேற.

பக்கத்து ஊர்க்காரங்க இப்படி இல்ல. மலையைத் தாண்டினா கேரளா. திருவனந்தபுரத்து 'கேயாஸ்' 2013ல போட்ட 'வயலன்ட் ரிடெம்ப்ஷன்' நல்ல முரட்டு த்ராஷ், ஆனா அதை எந்த ஊர்லயும் போட்டிருக்கலாம். கண்ணூர்ப் பசங்களோட 'தி டவுன் டிராடன்ஸ்' அப்படி இல்ல. 2014 ஆல்பத்துல 'சிவா'ன்னு ஒரு பாட்டு, மலையாளம் வருது, தெய்யம் வருது. கேட்டா அது வடகேரளாவேதான், வேற ஊர் இல்ல.

இன்னும் தூரம் போனா நியூசிலாந்து. 'ஏலியன் வெப்பன்ரி'யை 2018ல 'டூ' ஆல்பம் வந்தப்ப நம்மள விடச் சின்னப் பசங்கதான் நடத்தினாங்க. மாவோரி மொழியில பாடுறாங்க. ஒரு பாட்டு 1864ல பிரிட்டிஷ் படையோட நடந்த கேட் பா சண்டையைப் பத்தி. தைவான்ல 'தானிக்' 2011ல 'தகசாகோ ஆர்மி'ன்னு ஒரு ஆல்பமே போட்டாங்க, ஜப்பான் படையில சேர்க்கப்பட்ட பழங்குடி வீரர்களைப் பத்தி. பாடத்துல விட்டுப்போனதை மெட்டல்ல பாடுறாங்க. இவங்களைக் கேட்ட பிறகு டிராகன், வாள், சாத்தான்னு சும்மா அடுக்குற ஆல்பங்கள் எனக்கு ரொம்ப லேசாத் தெரியுது.

நமக்கும் அப்படி ஒரு தேதி இருக்கு, மக்கா. 1999 ஜூலை 23. மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும் சிறையில இருந்தவங்களை விடச் சொல்லியும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி. ஓட இடமில்லாம தாமிரபரணிக்குள்ள இறங்கினாங்க. 17 பேர் செத்தாங்க, அதுல ஒரு கைக்குழந்தையும் உண்டு. இயக்குநர் ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்'னு ஆவணப்படம் எடுத்தார். நான் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் கூட இதைச் சொல்லல, அந்தப் பாலத்து வழியா தினமும் பஸ்ல போயிருக்கேன்.

அதை ஒரு டூம் மெட்டல் ஆல்பமா நினைச்சுப் பாருங்க. வேகமே வேண்டாம். ஆத்துத் தண்ணி மாதிரி மெதுவா, கனமா, விடாம ஒரு ரிஃப். சாவை வெச்சுப் பாட்டு விக்கிறதான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஸ்லேயர் 1986ல நாஜி டாக்டர் மெங்கலேயைப் பத்திப் பாடினப்ப இதே சண்டைதான், ரெக்கார்ட் கம்பெனி விநியோகிக்க மாட்டேன்னுச்சு. 'ரெய்ன் இன் பிளட்' அரைமணி நேரம் கூட ஓடாது, எனக்கு உயிர். ஆனா அந்தப் பாட்டு கொன்னவன் பக்கமா நின்னு பார்க்குது, செத்தவங்களுக்கு அதுல ஒரு முகம் கூட இல்ல. நம்மது தண்ணிக்குள்ள நின்னு கரையைப் பார்க்கணும். 'பரியேறும் பெருமாள்' சினிமாவுல இந்த ஊரை வெச்சு அதைப் பண்ணிடுச்சு. மெட்டலுக்கு மட்டும் என்ன தயக்கம்?

தமிழ் உறுமலுக்கு ஒத்து வராதுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. சும்மா சொல்றாங்க. குரோல் பண்ணும்போது உயிரெழுத்து மங்கிடும், மெய்தான் பாட்டைத் தூக்கி நிறுத்தும். வல்லினம் ரெட்டிக்கிற மொழி நம்மது: வெட்டு, குத்து, கக்கு, முற்றம். கத்தி இழுக்கணும்னா நெடில் இருக்கு. வார்த்தை கடைசியில தொங்குற 'உ' மட்டும் கொஞ்சம் தொல்லை, ஆனா அதைத்தான் இலக்கணமே குறுக்கி வெச்சிருக்கே. உள்ளடக்கம் வேணும்னா கலிங்கத்துப்பரணிக்குப் போங்க. போர்க்களத்துல பேய்கள் பிணங்களை வெச்சுக் கூழ் காய்ச்சிக் குடிக்குது. பன்னிரண்டாம் நூற்றாண்டு. நார்வேல காடு கொளுத்துற மாதிரி போஸ் கொடுக்கிற பிளாக் மெட்டல் பேண்டுகள் எல்லாம் ஜெயங்கொண்டார் கிட்ட வந்து பாடம் கேட்கணும்.

இதைப் படிச்சுட்டு யாராவது ஒரு பேண்ட் ஆரம்பிச்சா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். மகுடத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணி லேப்டாப்ல சாம்பிளா சொருகாதீங்க. செபுல்டுரா 1996ல 'ரூட்ஸ்' பண்ணப்ப ஷவாந்தே மக்களோட கிராமத்துக்கே போய், அவங்களோட உட்கார்ந்து ஒரு பாட்டு பதிவு பண்ணாங்க. நீங்களும் கணியான் கலைஞர்கள் வீட்டுக்குப் போங்க. ரெண்டு மகுடத்தையும் மேடையில டிரம்ஸுக்குப் பக்கத்துல நிறுத்துங்க, கிட்டார்காரனுக்குக் கொடுக்கிற அதே சம்பளம் கொடுங்க, போஸ்டர்ல அவங்க பேரை முதல்ல போடுங்க. மிக்ஸிங்ல மந்த மகுடத்தை பேஸ் கிட்டார் மூழ்கடிச்சிடும், அதுக்கு எந்த ஃப்ரீக்வன்சியில வெட்டணும்னு நான் வந்து பார்த்துக்கிறேன், காசு வேண்டாம்.