டாக்டருக்கு அம்மா இருக்கக் கூடாதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படிப்பது பி.காம். மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பெரியம்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து ஒன்பது ராத்திரி படுத்திருக்கிறேன் என்பதுதான். அது போதாது என்பவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம், கோபிக்க மாட்டேன்.

பெரியப்பா மகள், எங்கள் எல்லாருக்கும் அக்கா. சென்னையில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. ஜெனரல் மெடிசின், இரண்டாம் வருஷம். போன வருஷம் ஊரில் பெரியம்மாவுக்குக் கண் மஞ்சளாச்சு. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள் (பாளையங்கோட்டையில் வேறென்ன செய்வார்கள்). உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்தால் கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. எங்களுக்கு அந்த ரிப்போர்ட் இங்கிலீஷில் நாலு வரி. போனில் கேட்டுக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த நாலு வரிக்கு எத்தனை மாசம் அர்த்தம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று மாசம் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு அம்மாவோடு இருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான். ஏதோ கொலை செய்கிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மாமா ஒருத்தர், "ஒரு சீட்டுக்கு எத்தன வருசம் தவம் கெடந்த? அதப் போட்டுட்டு வந்து பெட்பேன் பிடிக்கப் போறியா?" என்றார். அதே வீட்டில், அதே நாள் சாயங்காலம் ஒரு அத்தை, "ஏட்டி, பெத்தவளப் பாக்காம ஊருக்கு வைத்தியம் பாத்து என்னத்துக்கு?" என்றாள். இரண்டு பேரும் ஒரே காபியைத்தான் குடித்தார்கள். இதில் துபாயில் இருக்கும் அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பணம் அனுப்பினான், அது போதும் என்றார்கள். நாளைக்கு இதே ஆட்கள்தான் "பொம்பளைப் புள்ளைகளுக்கு பி.ஜி. சீட்டைக் குடுத்தா வீணாப் போகுது" என்றும் சொல்வார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களை விடுங்கள், அவர்கள் எந்தக் கல்யாணத்திலும் அப்படித்தான். விதி என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்று என்.எம்.சி.யின் 2023-ம் வருஷத்து முதுநிலை விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். (காஸ்ட் அக்கவுண்டிங்கைவிடப் பரவாயில்லை.) வருஷத்துக்கு 20 நாள் சம்பளத்தோடு விடுப்பு. வேலை இடம்கொடுத்தால் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. கல்வி சம்பந்தமான விடுப்பு 5 நாள். பேறுகால விடுப்பு உண்டு, குழந்தை பிறந்த அப்பாக்களுக்கும் உண்டு. நல்ல விஷயம். அம்மாவுக்குக் கேன்சர் என்றால்? அப்படி ஒரு வரியே கிடையாது. 20 நாளுக்கு மேல் போனால், போன அத்தனை நாளுக்குக் கோர்ஸ் நீளும். அனுமதியில்லாமல் போனதாக எடுத்துக்கொண்டால் அதற்குத் தனியாக நடவடிக்கை. சீட்டையே விட்டுவிடலாம் என்றால் பல மாநிலங்களில் அபராதம் லட்சக்கணக்கில். 2024 ஜனவரியில் என்.எம்.சி.யே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, மாணவர்கள் மன அழுத்தத்தில் சாகிறார்கள், இந்த சீட் விடும் பாண்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம் 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. 60 வயது தாண்டியவரை, பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டுப்போனால் மூன்று மாசம் வரை ஜெயில், அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிட்டால் மூன்று மாசம் உள்ளே வைக்க அரசாங்கத்திடம் சட்டம் இருக்கிறது. கூட இருக்க மூன்று மாசம் கேட்டால் கொடுக்கத்தான் வழியில்லை.

"நர்ஸ் வைக்கலாமே" என்று என் வகுப்பிலேயே ஒருத்தன் கேட்டான். வைத்தோம். பகலில் வந்துபோனார், நல்ல மனுஷி. ஒரு ராத்திரி பெரியம்மாவுக்குக் குளிர் நடுக்கம். நான் இரண்டாவது போர்வையைத் தேடிக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்த்த அக்கா, போர்வையை விடு, காரைக் கூப்பிடு என்றாள். காமாலைக்காகப் பித்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு கிருமி ஏறியிருந்தது. விடியட்டும் என்று இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் இந்தக் கதையை வைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் அக்கா வந்தது அதற்கில்லை. "வார்டுல பாக்குற வேலைய வீட்லயும் பாக்கவா வந்தேன்? எங்கம்மாவுக்கு நான் தலை வாரிவிடணும்ல" என்றாள் ஒரு நாள். அவள் டாக்டர் என்பதால் விடு என்று கேட்டால், தையல் வேலை பார்க்கிற மகளுக்கு இந்த உரிமை இல்லையா என்று கேள்வி வரும். இருக்கிறது. எல்லாருக்கும் இருக்க வேண்டும். நோயைப் பற்றியே பாடம் நடத்துகிற இடத்திலாவது முதலில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு ஒரு எதிர்வாதம் மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. அக்கா இல்லாத நாளில் அவள் டியூட்டியைப் பார்த்தது வானத்திலிருந்து வந்த ஆள் இல்லை. கூடப் படிக்கிற மூன்று பேர். அவர்களுக்கும் தூக்கம் வேண்டும், அவர்களுக்கும் அம்மா இருக்கிறார்கள். அதில் ஒருத்தி அக்காவிடம் பல நாள் பேசவே இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் காமர்ஸ்காரனாக ஒன்று கேட்கிறேன். ஒரு மாணவி இரண்டு மாசம் வரவில்லை என்றால் வார்டு நொண்டியடிக்கும் என்றால், அங்கே நடப்பது படிப்பா, வேலையா? பயிற்சி டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது 1992-ல். 2024-ல் என்.எம்.சி. அமைத்த மனநலப் பணிக்குழு, 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரை செய்தது. 32 வருஷத்தில் கேட்கிற அளவே 26 மணி நேரம் ஏறிவிட்டது பாருங்கள். ஆள் போட வேண்டிய இடத்தில் ஆள் போடாமல், மாணவர் என்று பெயர் வைத்து வேலை வாங்கிக்கொண்டு, ஒருத்தி லீவு கேட்டால் "உன் ஃப்ரெண்ட்ஸ்தானே கஷ்டப்படுவாங்க" என்று அவர்களையே அவளுக்கு எதிராக நிறுத்துவது. எங்கள் பாஷையில் இதை இருப்புநிலைக் குறிப்பில் கடனை மறைப்பது என்போம்.

எதற்கெடுத்தாலும் அமெரிக்காவை இழுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அங்கே சாதாரணத் தொழிலாளிக்கு சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க நாடு முழுமைக்குமான சட்டமே இல்லை. அப்பேர்ப்பட்ட ஊரிலேயே பயிற்சி டாக்டருக்கு, பயிற்சிக் காலத்தில் குறைந்தது ஒரு தடவை, ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2022 ஜூலையில் விதி வந்துவிட்டது. பிள்ளை பிறந்தாலும் சரி, தனக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சரி, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும் சரி. சிறப்புத் தகுதி கொடுக்கும் வாரியங்கள் அதற்கு முந்தின வருஷமே, இந்த ஆறு வாரத்துக்காகப் பயிற்சியை நீட்டக் கூடாது என்று சொல்லிவிட்டன. அந்த டாக்டர்கள் யாரும் அரைகுறையாக வெளியே வரவில்லை. நாம் இங்கே ஆறு வாரம்கூட வேண்டாம், கேட்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பது நாளையும் சேர்த்து எனக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தது. எனக்குக் காய்ச்சல் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்து, காண்டொனேஷன் ஃபீஸ் கட்டினேன். முடிந்தது. வராத காய்ச்சலுக்கு என்னால் லீவு வாங்க முடிந்தது. அந்த மாதிரி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள அக்கா, உண்மையைச் சொல்லி லீவு கேட்டாள்.

மொத்தம் 71 நாள் இருந்தாள். 20 போக 51 நாள் கோர்ஸ் நீளுமாம். லீவு லெட்டரை அலுவலகத்தில் ரொம்ப நாள் அப்படியே வைத்திருந்தார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் நகல் கேட்டார்கள், கொடுத்தாள். டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார்கள், கொடுத்தாள். "வேற யாரும் பாத்துக்க இல்லையா?" என்று எழுதி வாங்கினார்கள். காரியம் முடிந்து பதினேழாம் நாள் சென்னைக்குத் திரும்பியவள், இறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று மத்தியானமே அப்ரூவ் ஆகிவிட்டது.