பட்டதாரியும் பால்கட்டிக் கடையும்

கல்லூரிப் படிப்பின் இறுதியை அணுகும் மாணாக்கர் ஒவ்வொருவரையும் ஒரு வினா தொடர்ந்து வருகின்றது. "படித்து முடித்தபின் யாது செய்யப் போகின்றாய்?" என்பதே அது. விடுதியில் உணவருந்தும் வேளையிலும், விடுமுறைக்கு ஊர் சென்றவிடத்தும், ஆலய வாயிலிலும் அவ்வினா நம்மை விடுவதில்லை. ஆசிரியர் பணி, அரசாங்க உத்தியோகம், வங்கி வேலை என்னும் மூன்றில் ஒன்றைக் கூறின், கேட்டார் முகம் மலரும். யானோ சென்ற ஓராண்டாக, "ஒரு சிறு பால்கட்டிக் கடை வைக்க எண்ணியுள்ளேன்" என்று விடை கூறி வருகின்றேன். கேட்டவர் முதலில் நகைப்பர், பின்னர், "அதற்காகவோ தமிழ் படித்தாய்?" என்பர். நகைப்பைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவ்விரண்டாம் வினா விடையிறுக்கத் தக்கது. அதன்பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் பொருளின் பெயரைத் தெளிவுறுத்தல் வேண்டும். ஆங்கிலேயர் சீஸ் என வழங்குவதனை நம்மவர் பலர் பாலாடைக்கட்டி என்பர். பாலாடை என்பது காய்ச்சிய பாலின்மேற் படியும் ஏடாம். இப்பண்டமோ ஏட்டினின்று உண்டாவதன்று. பால் முழுதும் உறைந்து, நீர் வடிந்து, திரண்டு இறுகியதே இது. ஆதலின் பால்கட்டி என்பதே பொருத்தமான சொல்லென்பது என் கருத்து. தாவீது போர்க்களத்திலிருந்த தன் தமையன்மாரைக் காணச் சென்றபோது, படைத்தலைவனுக்குக் காணிக்கையாய்க் கொண்டு சென்ற பத்தும் தமிழ் வேதாகமத்தில் இப்பெயராலேயே சுட்டப்படுகின்றன. சொல் நம்மிடம் நெடுங்காலமாய் உளது. பண்டந்தான் நம் கடைத்தெருவிற்குப் பிந்தி வந்தது.

சென்ற கோடை விடுமுறையில் மலைமேலுள்ள ஒரு சிறு பால்கட்டி நிலையத்தில் ஆறு வாரம் ஏவலாளாய் இருந்தேன். உணவும் உறைவிடமுமே ஊதியம். விடியுமுன் வரும் பாலை 63 பாகை செல்சியசு வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, 32 பாகையளவிற்கு ஆற்றி, உறையிட்டுப் பின் ரென்னெட் என்னும் நொதியைக் கலப்பர். முற்காலத்தில் இளங்கன்றின் நான்காம் இரைப்பையினின்று எடுக்கப்பட்ட இந்நொதி, இக்காலத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டும் ஆக்கப்படுகின்றது. எனவே புலால் உண்ணாதாரும் ஐயமின்றி உண்ணத்தக்க பால்கட்டி கிடைக்கின்றது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் பால் உறையும். கத்தியை நுழைத்து மெல்ல உயர்த்தினால் பிளவு நேராகவும், அப்பிளவில் ஊறும் நீர் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். அப்பதத்திற்கு முன் அறுத்தாற் சத்தெல்லாம் நீரோடு போய்விடும். பிந்தி அறுத்தால் நீர் வடியாது. பின்னர்த் துண்டங்களைக் கிளறி, நீர் வடித்து, உப்பிட்டு, அச்சிலிட்டு அழுத்திக் குளிர்ந்த அறையில் மரப்பலகைகளின்மேல் அடுக்குவர். அதன்பின் நாள்தோறும் புரட்டுதலும் துடைத்தலுமே வேலை. சில வகை சில வாரங்களிலும், சில வகை பல திங்கள் சென்ற பின்னுமே விற்பனைக்குப் பதமாகும்.

கெட்டியான பால்கட்டி ஒரு கிலோ செய்யப் பசும்பால் ஏறக்குறைய 10 லிட்டர் வேண்டும். இவ்வொரு கணக்கை அறிந்தார் அதன் விலை கேட்டு மலையார். பால் தந்தவர்க்கு அன்றே பணம் கொடுத்தாக வேண்டும். பலகைமேற் கிடக்கும் பொருளோ ஆறு திங்கள் கழித்தே பணமாகும். இடையில் முதல் உறங்கிக் கிடக்கின்றது. அறிவில்லாதார் தொழில் என்று இதனை இகழ்வோர் அவ்வறையில் ஒரு வாரம் நின்று பார்ப்பாராக.

யான் கற்றது போதுமென்று செருக்குற்றதும் உண்டு. வீடு திரும்பியவுடன், அன்னையாரிடம் ஒரு நாட் பால் 10 லிட்டரையும் இரந்து பெற்று, யானே ஒரு பால்கட்டி செய்தேன். உறைந்தது, வடிந்தது, அழகாகத் திரண்டு அச்சில் அமைந்தது. இரண்டாம் நாட் காலையில் அது கடற்பஞ்சுபோல் உப்பி, உள்ளெல்லாம் துளையாகித் துர்நாற்றம் வீசிற்று. வடித்த துணியை யான் கொதிநீரில் இட்டு எடுக்கவில்லை. அதிலிருந்த கிருமிகளே வாயுவை உண்டாக்கிக் கட்டியைக் கெடுத்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்னளவில் மெய்யாயிற்று. அன்னையார் சினந்திலர். "தம்பி, கடையைப் பிறகு பார்ப்போம்; முதலில் துணியைக் காய்ச்சப் பழகு" என்று மட்டும் கூறினார். கடை திறக்க விழைவார் யாவர்க்கும் இதனினும் சிறந்த அறிவுரை உளதென யான் நம்பவில்லை. திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் ஒரு நாளைக்கு உரியன. துணி காய்ச்சுதல் எல்லா நாளைக்கும் உரியது.

நிற்க. பிறர் செய்த பண்டத்தை வாங்கி விற்றலில் என்ன பெருமை உளது என வினவலாம். இதற்கு இலண்டன் மாநகரத்துக் கடையொன்றின் வரலாறு விடை கூறும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டானிய அரசாங்கம் நாட்டின் பாலைப் பெரும்பாலும் ஒரேவகைக் கெட்டிப் பால்கட்டிக்கே திருப்பிற்று. பங்கீட்டு முறையும் 1954 வரை நீடித்தது. அதனால், பண்ணைதோறும் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவந்த பலவகைப் பால்கட்டிகள் அருகிப் போயின. 1979-ஆம் ஆண்டு நீல்ஸ் யார்ட் டெய்ரி என்னும் சிறு கடை அந்நகரில் தோன்றியது. அதனை நடத்திய ராண்டால்ஃப் ஹாட்ஜ்சன் என்பார், எஞ்சியிருந்த பண்ணைகளைத் தேடிச் சென்று, செய்வோரோடு பேசி, சுவைத்துத் தெரிந்து வாங்கி, அவரவர் பெயரைச் சொல்லி விற்கலானார். வாங்குவோர் கூறிய குறையும் நிறையும் அவர் வாயிலாகவே பண்ணைக்குச் சென்றன. இவ்வாறு அழியவிருந்த தொழிலொன்று புத்துயிர் பெறுதற்கு அக்கடை ஒரு காரணமாயிற்று.

அக்கடைக்கு 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பேரிடர் நேர்ந்தது. பெருவணிகரின் ஆள்போல் நடித்த வஞ்சகர், துணி சுற்றிப் பதப்படுத்திய செடார் வகைப் பால்கட்டி 22 டன்னை வரவழைத்துக் கொண்டு மறைந்தனர். அதன் மதிப்பு ஏறக்குறைய 3 இலட்சம் பவுன். அவ்வளவு இழந்தும், அதனைச் செய்த மூன்று பண்ணையார்க்கும் உரிய விலையை அக்கடை குறைவறக் கொடுத்தது. இழப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டு, பால் கறந்தவன்மேலும் கட்டி செய்தவன்மேலும் சுமத்தாதிருந்தது. கடைக்காரன் இடைத்தரகன் மட்டும் அல்லன், இரு திறத்தார்க்கும் நடுவே நிற்கும் பொறுப்பாளன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, "அதற்காகவோ தமிழ் படித்தாய்?" என்னும் வினாவிற்கு வருவேன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை யாம் வகுப்பிற் கற்றோம். அதிற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆய்மகளைக் காட்டுகின்றார். அவள் விடியலிற் றயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலைமேற் கொண்டு சென்று விற்று, அவ்விலையாற் கிடைத்த உணவைத் தன் சுற்றத்தார்க்கு ஊட்டுகின்றாள். நெய் விற்ற விலைக்கோ பொன்னைக் கொள்ளாள். எருமையும் ஆவும் கன்றுமே பெறுகின்றாள். தேர்வுக்காகப் படிக்கும்போது இஃது ஓர் அழகிய காட்சியாகவே தோன்றியது. பால்கட்டி நிலையத்திலிருந்து திரும்பியபின் படித்தபோதோ, சிறு வணிகத்தின் இலக்கணமே அதில் அடங்கியிருத்தல் கண்டேன். அன்றாட வரும்படி அன்றாட உணவிற்கு. மிகுதி தொழிலை வளர்க்கும் முதலிற்கு. இரண்டையும் ஒரே பையில் இடலாகாது. கடன் வாங்கிப் பளிங்கு பதித்துக் கடை திறந்து, முதல் திங்களின் வருவாயை வீட்டிற்குச் செலவிட்டு, ஆண்டு முடிவிற் கதவடைக்கும் நம் இளைஞர் அவ்வாய்மகளிடம் கற்றிருந்தால் நன்றாயிருக்கும். தமிழ் படித்ததனால் எனக்குக் கிடைத்த முதற் பாடம் இதுவே.

அக்காட்சி என்னை வருத்தவும் செய்தது. என் அன்னையார் இரண்டு பசுக்கள் வளர்த்து வந்தார். யான் இக்கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு, கட்டணத்தின்பொருட்டு அவற்றுள் ஒன்றை விற்றார். ஆய்மகள் பொன்னை மறுத்து ஆவைக் கொண்டாள். என் அன்னையாரோ ஆவைக் கொடுத்துப் பொன்னைக் கொண்டு என்னைப் படிக்க வைத்தார். பள்ளி ஆசிரியராகிய என் தந்தையார், "அப்பசுவின் விலை நீ, அதைக் கடைத்தெருவிற் கொண்டுபோய் இழந்துவிடாதே" என்கின்றார். இஃது அச்சத்தினால் எழுந்த சொல்லன்று, அன்பினால் எழுந்தது. ஆகவே எதிர்வாதம் செய்து வென்றுவிட யான் விரும்பவில்லை. செயலாற் றேற்றவே விரும்புகின்றேன்.

தந்தையார் எழுப்பும் தடைகள் பொருளுடையன. நம் நாட்டில் இதனை உண்பார் எத்துணைப் பேர்? தமிழ் மக்களின் நாவிற்குத் தயிரும் மோரும் நெய்யும் உரியன. பழகிய பால்கட்டியின் மணம் பலருக்குக் குமட்டலையே தரும். மறுக்கவில்லை. ஆயினும் பனீரையும் ஒருகாலத்தில் நம் ஊர்ப்புறத்தார் அறியார்; இன்று மணவிருந்துகளிலும் அது காணப்படுகின்றது. கொடைக்கானல், குன்னூர், ஆரோவில் ஆகிய இடங்களிற் பால்கட்டி செய்வோர் உளர். அவர்க்கு வாங்குவோரும் உளர். இரண்டாவது தடை, பெருநிலையங்களின் மலிவு. பால்கட்டியை உருக்கி, உப்புகள் சேர்த்து ஒரே சுவையாக்கி, ஏடேடாய் அடைத்து விற்கும் பொருளோடு விலையிற் போட்டியிட்டுச் சிறுகடை வெல்லாது; போட்டியிடவும் வேண்டுவதில்லை. அதன் வழி வேறு: வருவார்க்கு ஒரு துண்டம் அறுத்துக் கொடுத்துச் சுவைக்கச் செய்தலும், எவ்வூர்ப் பால், எத்தனை நாட் பதம் என்று உண்மை கூறுதலுமாம். மூன்றாவது தடை வெப்பம். இதுவே மெய்யான பகை. குளிரூட்டும் பெட்டிக்கு ஆகும் மின்கட்டணமும், மின்சாரம் தடைப்படும் வேளைக்கு மாற்று ஏற்பாடும் கணக்கில் முதலிடம் பெறல் வேண்டும். அறுத்த கட்டி நாள்தோறும் ஈரம் இழந்து நிறை குறையும். அந்நட்டமும் விலையில் அடங்குதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ இன்றி உணவுக் கடை நடத்தலாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் பால்கட்டியின் வரி 12 விழுக்காட்டினின்று 5 விழுக்காடாகக் குறைந்தது ஒரு சிறு துணை.

இவற்றையெல்லாம் எண்ணி, தந்தையாரும் யானும் ஓர் உடன்பாட்டிற்கு வந்துள்ளோம். பட்டம் பெற்றபின் இரண்டாண்டு ஒரு நிலையத்திற் கூலிக்கு உழைப்பேன். அக்கூலியில் முதலில் ஒரு பசு வாங்கி அன்னையாரின் தொழுவத்திற் கட்டுவேன். அதன்பின் மிஞ்சியதைக் கொண்டு, கடையன்று, சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை மட்டும் போடுவேன். நான்கைந்து வகை, ஒரு தராசு, காய்ச்சிய துணி, இவ்வளவே. ஓராண்டு அம்மேசை தன் செலவைத் தானே தாங்கினால், கதவும் பூட்டும் உடைய கடையைப் பற்றிப் பேசுவோம். தாங்காவிடின், ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதுவேன். அதனால் மானம் போய்விடாது.

மாணவத் தோழர்களே, யாவரும் கடை வைக்க வேண்டுமென்று யான் கூறவில்லை. உத்தியோகத்தை இகழ்வதும் என் கருத்தன்று. என் தந்தையாரின் ஊதியமே எங்கள் இல்லத்தைத் தாங்குகின்றது. தராசு பிடித்த கையைக் கல்லாத கை என எண்ணற்க என்பதே என் வேண்டுகோள். கல்வி ஒருவனை எந்த நாற்காலியில் அமர்த்திற்று என்பதன்று வினா; அவன் நிறுத்துக் கொடுப்பது சரியான நிறையோ, சொல்லுவது உண்மையோ என்பதே வினா. பழைய மாணவர்களாகிய பெரியோர்களே, இனி இக்கல்லூரி இளைஞன் ஒருவன் தங்களிடம் ஒரு சிறு தொழிலைப் பற்றிக் கூறினால், நகைக்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "துணி காய்ச்சக் கற்றுவிட்டாயா?" அவன் ஆம் என்பானாயின், அவனை ஆசி கூறி அனுப்புங்கள்.