சராசரிக்குள் மறையும் வறுமை

2011 ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டபோது, இவ்வூர் மக்கள் பலரைப் போல நானும் அதை நல்ல தொடக்கமாகவே கருதினேன். ஒரு காலத்தில் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் சென்று வந்த வழி அது. இலங்கையில் போர் ஓய்ந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. ஆனால், சில மாதங்களிலேயே அந்தச் சேவை நின்றுபோனது. போர் முடிந்துவிட்டால் மற்றவை தாமாகவே சீராகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஏறத்தாழ அதே கதிதான் நேர்ந்தது.

போரிலிருந்து மீளும் ஒரு நாடு வறுமை ஒழிப்புக்கு எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஓர் இரவுக் கடற்பயணத் தொலைவில் இலங்கை இருக்கிறது.

அங்கு திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1989-இல் ஜனசவிய, 1995-இல் சமுர்த்தி ஆகிய நலத்திட்டங்கள் வந்தன. 2002-இல் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தபோது, வறுமைக் குறைப்பு உத்தியை உள்ளடக்கிய தேசிய வளர்ச்சித் திட்டம் ஒன்றை அரசு வெளியிட்டது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால் வறுமை குறையும் என்பதே அதன் அடிப்படை. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய கொடையாளர்கள் 450 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தனர். ஆனால், பேச்சுவார்த்தை முடங்கியது. 2004-இல் ஆட்சி மாறியது. பின்னர் போரும் மீண்டது. 2009-க்குப் பிறகு வடக்கில் சாலைகள் செப்பனிடப்பட்டன. 2014-இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடியது. இந்திய உதவியுடன் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. இவை தேவையான பணிகளே. இவற்றால் வறுமை அகன்றதா?

2016-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு, நாட்டில் வறியோர் 4.1 சதவீதம் மட்டுமே என்றது. அதே கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டத்தின் அளவு 18.2 சதவீதம். வறுமைக்கோட்டைத் திருத்தியமைத்தபின் 2019-இல் நாட்டின் அளவு 14.3 சதவீதமானது, முல்லைத்தீவிலோ அது 44.5 சதவீதம். அளவுகோல் மாறியதால் இவ்விரு ஆண்டுகளையும் நேரடியாக ஒப்பிடுவது முறையன்று. எனினும், எந்த அளவுகோலால் அளந்தாலும் போரின் இறுதிக்களமாக இருந்த வன்னி பின்தங்கியே நிற்கிறது. நாட்டுச் சராசரியைப் பார்த்து மகிழ்ந்தவர்களின் கண்ணில் இது படவில்லை. 2022-இல் பொருளாதாரம் சரிந்தபின், மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி மதிப்பிட்டது. ஏற்கெனவே கையில் ஏதுமற்றிருந்தவர்களுக்கு அது இரண்டாவது அடி.

வறட்சியோ வேலையின்மையோ ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் குறைக்கிறது. போர் அந்த வருமானத்தின் ஊற்றையே அழிக்கிறது. நிலம், படகு, வலை, கால்நடை, உழைத்துக் காத்த கணவன், நில உரிமைப் பத்திரம் எல்லாம் ஒருசேரப் போய்விடுகின்றன. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் தனித்துத் தாங்கும் குடும்பங்கள் பல. அங்கே முதலில் வந்து சேர்ந்தவற்றுள் நுண்கடன் நிறுவனங்களும் அடங்கும். தொழில் இல்லாத இடத்தில் கிடைத்த கடன், பழைய கடனை அடைக்கவே பயன்பட்டது. 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் சிறுகடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. ராணுவத்தின் வசமிருந்த தங்கள் நிலத்தைக் கேட்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவு மக்கள் 2017-இல் தெருவில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது உதவித்தொகை அன்று. தாங்கள் உழைத்துப் பிழைத்த மண்.

2023-இல் தொடங்கிய 'அஸ்வெசும' நலத்திட்டம், 22 குறிகாட்டிகளைக் கொண்டு பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கிறது. அரசியல் சிபாரிசை விட இது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேல்முறையீடுகள் குவிந்தன. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடு ஒன்றே, வருமானமற்ற ஒரு விதவையை வசதியுள்ளவராகக் காட்டிவிடக் கூடும். உள்நாட்டுப் படுகொலையிலிருந்து மீண்ட ருவாண்டா, 2001 முதல் 'உபுதேஹே' என்னும் முறையில், வறியவர் யார் என்பதை ஊர்மக்களே கூடிப் பேசி வகைப்படுத்தச் செய்தது. அதிலும் பின்னர்ச் சச்சரவுகள் எழுந்தன. இருப்பினும், யாருக்கு எது இல்லை என்பதை அறிந்தவர் அண்டைவீட்டார் என்ற அதன் அடிப்படை சரியானதே.

இதில் நமக்கும் பங்குண்டு. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளித்த சமூகங்கள் ஒரே கடலால் வாழ்ந்தவை. சிலாவத்துறை முத்துக்குளிப்புக்கு இக்கரையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். போர்க்காலத்தில் கடலுக்குச் செல்ல முடியாதிருந்த வடபகுதி மீனவர்கள், போர் ஓய்ந்தபின் கடலில் இறங்கியபோது பாக் நீரிணையில் நம் இழுவைமடிப் படகுகளைக் கண்டார்கள். அவர்கள் கடன்பட்டு வாங்கிய வலைகள் அறுபட்டன. நம் பக்கத்தில் சிறைப்படுபவரும் பெரும்பாலும் கூலிக்குச் செல்லும் ஏழை மீனவரே. 2016-இல் இரு நாடுகளும் இழுவைமடியை விரைவில் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. 2017-இல் இலங்கை அதைத் தடை செய்தது. நாம் ஆழ்கடல் படகுகளுக்கு மானியம் அறிவித்தோம். மாற்றம் மிக மெதுவாகவே நடக்கிறது. இத்தாமதத்தின் விலையை இரு கரை ஏழைகளும் செலுத்துகின்றனர்.

ஆகவே, போருக்குப் பிந்தைய வறுமைத் திட்டம் இழப்புகளின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். நிலம் திரும்பியதா, படகு கிடைத்ததா, கடன் தீர்ந்ததா, பத்திரம் கையில் உள்ளதா என்று மாவட்டம்தோறும் கேட்டு, விடையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உதவித்தொகை அதுவரையிலான ஊன்றுகோல். கொழும்பு செய்ய வேண்டிய பணி இது. கடலை அம்மக்களுக்குத் திரும்பக் கொடுப்பதில் சென்னைக்கும் தில்லிக்கும் உள்ள கடமையை, இக்கரையில் வாழும் நாம்தான் நினைவூட்ட வேண்டும்.