தாளையடித் தண்ணீர் வந்தால் கிணறு வேண்டாமா?

கரவெட்டியில் தண்ணீர்ப் பேச்சை எடுத்தால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "யாழ்ப்பாணத்தில் ஆறில்லை, மழையும் காணாது. தண்ணி வெளியிலயிருந்துதான் வரவேணும். ஊரவை செய்ய ஒண்டுமில்லை." 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தபின் இந்தப் பேச்சுக்கு வலுக் கூடிவிட்டது. அதன் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மழை காணாது என்பது. குடாநாட்டில் சராசரியாக ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நம் பிள்ளைகள் குடியேறிய இலண்டனில் பெய்வது இதில் ஏறக்குறையப் பாதி. 1,000 சதுர அடிக் கூரையில் மட்டும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் லீற்றருக்கு மேல் விழும். இதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுவதுதான் சிக்கல். அந்த மாதங்களில் நெல்லியடிப் பக்கம் ஒரு சுற்று வந்து பாருங்கள். முற்றத்துக்குச் சீமெந்து போட்டிருப்பார்கள், அல்லது கல் பதித்திருப்பார்கள். பீலித் தண்ணீர் படலையால் வெளியேறி, ஒழுங்கையை நிறைத்து, மதகு வழியே நீரேரிக்குப் போய்விடும். பிறகு கோடையில் கிணறு உவர்க்கிறது என்று முறைப்படுவோம்.

இரண்டாவது, சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் நிற்காது, குளம் தூர்வாரிப் பயனில்லை என்பது. நிற்காதது உண்மைதான். ஆனால் மழைநீரைத் தேக்கி மெல்ல நிலத்துக்குள் இறக்குவதே இங்கு குளத்தின் முதல் வேலை. நமது நன்னீர் அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அது கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்தால், கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு உவர் விலகி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. கண்டபடி மோட்டார் போட்டு இறைத்தால் அதே கணக்கில் உவர் மேலேறும். தூர்ந்த குளத்தை மண் நிரப்பிக் கடை கட்டுகிறவர் அயலவரின் கிணற்றிலும் கைவைக்கிறார்.

மூன்றாவது, தாளையடித் தண்ணீர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது. கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வராமற்போனபின் எடுத்த மாற்றுவழி அது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்பது குடாநாட்டின் குடிநீருக்குப் பெரிய உதவி; வரவேற்போம். ஆனால் மின்சாரத்தை விழுங்கி உப்பகற்றிய தண்ணீரை வெங்காயப் பாத்திக்கும் புகையிலைக்கும் கட்ட எந்தக் கமக்காரருக்கும் கட்டாது. தோட்டம் கிணற்றை நம்பியே இருக்கும்.

நான்காவது, கிணற்று நீரைக் காக்கப் பசளையைக் குறைத்தால் 2021இல் நடந்ததுதான் நடக்கும் என்பது. அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்து, நவம்பரில் அரசு பின்வாங்கியது. கமக்காரரைக் கேளாமல், மாற்றுப் பசளை தயாராகுமுன் போட்ட தடை அது, தோற்றதில் வியப்பில்லை. இங்கே கேட்பது வேறு. யூரியாவை அள்ளி வீசிவிட்டு உடனே வாய்க்கால் நிறைய இறைத்தால், பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகி அதே தோட்டக் கிணற்றில் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியதை ஆய்வுகள் பதிந்துள்ளன. பச்சைக் குழந்தைகளுக்கு அது ஆபத்து. பூவரசங்குழை தாழ்த்தும் வழக்கமும் மாட்டெருவும் இங்கு புதிதில்லை. அவற்றோடு, யூரியாவைப் பங்குபங்காகப் போட்டால் விளைச்சலும் நிற்கும், காசும் மிஞ்சும்.

ஐந்தாவது, இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்பது. தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பராமரிப்பதும், பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த, நீரேரிகளை நன்னீராக்கும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தை முடிப்பதும் அரசின் பொறுப்புத்தான், விடாமல் கேட்போம். குளங்களின் எல்லையைக் காப்பது பிரதேச சபையின் கடமை. ஆனால் நம் வளவுக்குள் விழும் மழைக்கு எந்த அமைச்சும் பொறுப்பேற்காது.

மாரி தொடங்குமுன் பீலித் தண்ணீரை மலசலகூடக் குழிக்கு எட்ட ஒரு கிடங்குக்குத் திருப்புங்கள். முற்றத்தில் பாதியையாவது மண்ணாக விடுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.