என்ஜினுக்குத் தண்ணீர் ஆகாதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பௌர்ணமி இரவில் நம் ஊருக்குள் கார் ஓட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நடப்பவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்துவிடுவார்கள். வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கும். அவ்வாறு நின்று நின்று ஊரும்போதுதான் பழைய வண்டிகள் 'கொதிக்கும்'. பானெட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பும். ஓட்டுநர் இறங்கித் தண்ணீர்க் குடத்தைத் தேடுவார்.

என் தந்தையார் அத்தகைய ஓட்டுநர்களுள் ஒருவர். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது ஒரு பழைய அம்பாசிடர் காரால். அவ்வினக் கார்களின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. உதிரி பாகங்களைத் தேடி அலைய வேண்டிய காலம் இது. சூடேறி ஹெட் வளைந்துவிட்டால் பிழைப்பே போய்விடும்.

சென்ற கோடையில் ஒருவர் அவரிடம், "தண்ணீரே கலக்காத கூலன்ட் வந்திருக்கிறது, ஒருமுறை ஊற்றினால் வண்டி கொதிக்கவே கொதிக்காது" என்று சொல்லியிருக்கிறார். விலையோ சாதாரணக் கூலன்டைப் போலப் பல மடங்கு. அன்றிரவு சாப்பிடும்போது தந்தையார் என்னைப் பார்த்து, "நீதான் சயின்ஸ் படிக்கிறியேப்பா, வாங்கலாமா வேணாமா, சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் என்னிடம் யோசனை கேட்டதும் அதுவே முதல் முறை. தேர்வில் தவறாக எழுதினால் மதிப்பெண் போகும். இங்கே தவறினால் வண்டி போகும். ஆகவே, ஒரு வாரம் தவணை கேட்டேன்.

முதலில் அந்தத் திரவத்தின் நற்பண்புகளைப் பார்ப்போம். அது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் புரொப்பிலீன் கிளைக்காலும் சேர்ந்தது. நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இவையோ 190 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ஹெட்டைச் சுற்றி ஆவிக் குமிழிகள் தோன்றி, அவ்விடத்தில் மட்டும் வெப்பம் தேங்கும் அபாயம் இதில் குறைவு. அழுத்தம் ஏறாததால் பழைய ஹோஸ்களுக்கும் நல்லது. நீரே இல்லாததால் துருவும் உப்பும் படிவதில்லை. பனிக்காலத்தில் உறையாது என்பதும் ஒரு பெருமைதான். ஆனால் நம் திருவண்ணாமலையில் அதனால் யாருக்கு என்ன பயன்?

இனி மறுபக்கம். கொதிக்காமலிருப்பது வேறு, குளிர்விப்பது வேறு. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். கிளைக்காலுக்கு ஏறத்தாழ 2.5 ஜூலே போதும். அதாவது, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வெப்பத்தைச் சுமந்து செல்வதில் நீரே பலசாலி. வெப்பங்கடத்துத் திறனிலும் நீர் 0.6 என்றால் கிளைக்கால் 0.25க்கு மேற்படாது. பாகுத்தன்மையோ அதிகம், வாட்டர் பம்ப் அதைத் தள்ளப் பாடுபட வேண்டும். ஆகவே அதே என்ஜின், அதே ரேடியேட்டர் என்றால் வண்டி முன்னைவிடச் சூடாகவே ஓடும். ஆவி வராததால் ஓட்டுநருக்கு அது தெரியாமலும் போகலாம். ஆவி ஒரு தொல்லைதான். ஆனால் அது ஓர் எச்சரிக்கையும் அல்லவா?

வரலாறும் இதற்குச் சான்று கூறுகிறது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜினில் தொடக்கத்தில் தூய எத்திலீன் கிளைக்காலையே குளிர்விக்கப் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதைக் கைவிட்டு, 70 பங்கு நீரும் 30 பங்கு கிளைக்காலும் கலந்த திரவத்தை அழுத்தத்துடன் பயன்படுத்தினர். என்ஜினின் ஆயுள் கூடியது. தீப்பற்றும் அபாயமும் குறைந்தது. விமானம் கற்ற பாடத்தை நம் அம்பாசிடர் கற்கக் கூடாதா?

இன்னொன்றும் உண்டு. செங்கம் சாலையில் நள்ளிரவில் ஒரு ஹோஸ் வெடித்தால் என்ன செய்வது? சாதாரணக் கூலன்ட் என்றால் ஹோஸைக் கட்டி, குடத்து நீரை ஊற்றி ஊர் வந்து சேரலாம். தண்ணீரில்லாத் திரவத்தில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் நீர் சேரக்கூடாதென்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஒரு குடம் நீரில் போட்ட பணம் முழுதும் போய்விடும்.

அப்படியானால் குற்றவாளி யார்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் என் தந்தையார்தான். "வெந்நீர் அண்டாவில வெள்ளையா படியுதே, அதுதானே ரேடியேட்டர்லயும் படியும்?" என்றார். எங்கள் போர்வெல் நீர் கடின நீர். அதைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் படியும். அம்மா புளி போட்டுத் தேய்த்து எடுக்கும் அதே படிவம்தான், வார்ப்பிரும்பு என்ஜினின் உட்சுவரிலும் ரேடியேட்டர்க் குழாய்களிலும் படிந்து வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது. நான் வாய்ப்பாடுகளில் தேடியது அவர் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது.

எனவே என் தீர்ப்பு இது: ஆண்டில் சில நாள் மட்டும் வெளியே எடுக்கும் காட்சிக் கார்களுக்கு, செலவைத் தாங்கக்கூடியவர்கள் தண்ணீரில்லாத் திரவத்தை ஊற்றிக்கொள்ளட்டும், துருவேறாமல் இருக்கும். அன்றாடம் ஓடிச் சோறு போடும் வண்டிக்கு அது வேண்டா. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பேன் பெல்ட்டையும் தெர்மோஸ்டாட்டையும் சரிபாருங்கள். ரேடியேட்டர் மூடியைக் கவனியுங்கள். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்திவிடும். பிறகு வடிநீரில் சாதாரணக் கூலன்டைக் கலந்து ஊற்றுங்கள். போர்வெல் நீர் ஆபத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அப்படியே செய்தோம். ரேடியேட்டரிலிருந்து உதிர்ந்த வெள்ளைச் செதில்கள் இரண்டு கை நிறைய இருந்தன. கார்த்திகை தீபத்தன்று நெரிசலில் ஊர்ந்தபோதும் வெப்பமானியின் முள் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் உண்மையான தேர்வு அடுத்த கோடையில்தான். அப்போது என் தீர்ப்பு தவறென்று தெரிந்தால், அதையும் இதே மலரில் எழுதுவேன்.